புயல்சேவல்

அப்பா போன பிறகு ஹெஸ்டர் ப்ராஸர் ஆப்பிள் தோட்டத்தைத் தனியாளாகவே பார்த்துவந்தாள். அந்த வருடம்தான் முதன்முறையாகச் சொந்தமாக ஆப்பிள் மது போட்டிருந்தாள். பீப்பாயைத் திறந்து முகர்ந்தபோதே நன்றாக வந்திருப்பது தெரிந்துவிட்டது. பாட்டிலில் ஒட்ட ஒரு பெயர்தான் வேண்டும்.

ஜனவரி மாத ஞாயிறொன்றில் ஹெரிஃபோர்டிலிருந்து அண்ணன் ஏமஸ் வந்தான்.

"'ப்ராஸரும் மகனும்'னு போடு. அப்பா பேரு நிக்கும்."

"மகன் ஒரு ஆப்பிளாவது பொறுக்கினானா?"

"பொம்பளை போட்டதுன்னா எவன் வாங்குவான்?"

அவள் சன்னலுக்கு வெளியே பார்த்தாள். கிழட்டு ஆப்பிள் மரத்தில் புல்லுருவி பந்து பந்தாகத் தொங்கியது. அதன் வெள்ளைப் பழங்களுக்காக வடக்கிலிருந்து வந்த பறவைக் கூட்டமொன்று இறங்கப் பார்க்க, மார்பெல்லாம் புள்ளி போட்ட ஒற்றைப் பறவை கிலுகிலுப்பை ஆட்டுவதுபோல் கத்தி விரட்டிக்கொண்டிருந்தது. புல்லுருவிப் பழத்தைத் தின்பதால் புல்லுருவிக் குருவி என்று அதற்குப் பெயர். அந்த விதைகளைக் கிளைகளில் விட்டுப் புதுப் புல்லுருவி முளைக்க வைப்பதும் அதுதான்.

மதியம் காற்று சுழற்றியடித்தது. கொட்டகைத் தகரம் பிய்த்துக்கொண்டு போயிற்று. இருவரும் மழையில் ஓடிப்போய்ப் பீப்பாய்களைத் தார்ப்பாயால் மூடிக் கட்டினார்கள். வடக்கிலிருந்து வந்த பறவைக் கூட்டம் எங்கோ ஒதுங்கிவிட்டது. அந்த ஒற்றைப் பறவை மட்டும் மர உச்சிக்கு ஏறி, ஆடும் கிளையில் நின்று பாடியது.

"கிறுக்குப் பறவை," என்றான் ஏமஸ்.

"அதுக்கு நம்மூர்ல இன்னொரு பேரு உண்டு. மறந்துட்டியா?"

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "புயல்சேவல்."

"மத்ததெல்லாம் வாய மூடிக்கிட்டு ஒளியுறப்ப இது பாடும். அதனாலதான் அந்தப் பேரு. பாட்டில்லயும் அதையே போடப்போறேன்."

"சேவலாம்ல. நீ கோழிதானேடி?"

"பேசுனது போதும்ணே, கயித்த இழு. முடிச்சு அவுருது."

மே மாதம் நடந்த வட்டார ஆப்பிள் மதுப் போட்டியில் நடுவர் இரண்டாம் பரிசுக்கு அவள் பெயரை வாசித்தார். சேறு காயாத பூட்ஸோடு ஹெஸ்டர் மேடையேறினாள்.

"யாரு அந்தம்மா?" என்று பக்கத்து நாற்காலிக்காரர் கேட்டார்.

"என் தங்கச்சி," என்றான் ஏமஸ், மூன்று வரிசைக்குக் கேட்கும்படி. "ஒத்தையா போட்டது. முதல் பரிசே குடுத்திருக்கணும். இவங்களுக்கு நாக்கு செத்துப்போச்சு."

அது மேடை வரைக்கும் கேட்டது. ஹெஸ்டர் தலை குனியவில்லை. நடுவருக்கு ஊற்றியிருந்த கோப்பையில் மிச்சமிருந்ததை எடுத்து, எல்லோரும் பார்க்கக் குடித்து முடித்தாள்.