சவரியப்பன் தொடாத தண்ணி

மகள் எவாஞ்சலின் கல்யாணத்துக்கென்று வாங்கிய கறுப்பு ஷூ கட்டிலடியில் பெட்டியோடு கிடந்தது. சவரியப்பன் கால் அதில் நுழையவில்லை. இதயம் பலவீனம். கால் வீங்கி, மூச்சு வாங்கி ஆஸ்பத்திரியில் படுப்பார். வீக்கம் வடிந்து வீடு வருவார். வந்த சூட்டில் மறுபடி வீங்குவார். அடுத்த சனிக்கிழமை மகளைக் கைப்பிடித்துக் கோயிலுக்குள் நடத்திப் போக வேண்டும்.

வீட்டுக்குப் போனவர்கள் திரும்பவும் வந்து படுக்காமல் பார்த்துக்கொள்வது நர்ஸ் ஜோதிமணியின் புது வேலை. போனில் கேட்டதற்கெல்லாம் சவரியப்பன் "சரிங்க சிஸ்டர்" என்றார். வீக்கம் மட்டும் சரியாகவில்லை. அவள் மூக்கண்டப்பள்ளியில் அவர் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

மாத்திரை சரியாக விழுங்குகிறார். மனைவி பவுலினா வைத்த ரசம் உப்பில்லாமல் சப்பென்றிருந்தது.

"தண்ணி கொறச்சீங்களா ஐயா?"

சவரியப்பன் முகம் கறுத்தது. "நீங்களுமா சிஸ்டர்? டாக்டரும் ஒவ்வொரு வாட்டியும் இதத்தான் கேக்கறாரு. தொட்டாத்தான கொறைக்கறதுக்கு?"

"கட்டிக்கிட்ட நாள்ல இருந்து இவரு மோந்துகூடப் பாத்ததில்லைங்க" என்றாள் பவுலினா.

கோபத்தோடு பக்கத்தில் இருந்த செம்பைத் தூக்கி மடமடவென்று குடித்தார். பவுலினா அதை நிரப்பி வைத்தாள்.

"இது என்னங்க?" என்றாள் ஜோதிமணி.

"பச்சத்தண்ணி. உங்க மாத்திர ஒன்னுக்குப் போக வெக்குதில்ல, ஈடு கட்ட வேணாமா?" என்றார் சவரியப்பன்.

ஜோதிமணி சிரிப்பை அடக்கிக்கொண்டு டாக்டருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, விஷயத்தைச் சொன்னாள். டாக்டர் கர்நாடகத்து ஆனேக்கல்காரர், தமிழ் இங்கே வந்து கற்றுக்கொண்டது.

"சாராயத்துக்குத் தண்ணின்னா பேரு? நம்ம கன்னடத்துல எண்ணெம்பாங்க."

சவரியப்பன் யோசித்தார். "அப்ப எண்ணெயும் கொறைன்னீங்களே, அதும் அதானுங்களா?"

"இல்லப்பா. அது போண்டா."

டாக்டர் சொன்ன அளவுக்கு ஒரு பாட்டிலில் கோடு போட்டுக் கொடுத்தாள் ஜோதிமணி. காபி, ரசம் எல்லாம் அந்தக் கணக்கில்தான். காலையில் எடை பார்த்ததும் அவளுக்குச் சொல்லிவிட வேண்டும். எடை இறங்கிக்கொண்டே வந்தது.

சனிக்கிழமை ஷூ நுழைந்தது. பீடம் வரை மகளோடு நிற்காமல் நடந்தார்.

பந்தியில் மாப்பிள்ளையின் அப்பா தம்ளரை நீட்டினார். "சம்பந்தி, தண்ணி?"

"வேணாங்க. காலையிலயே கொஞ்சம் கூடிப்போச்சு."

சம்பந்தி மெல்லத் திரும்பி மகனைப் பார்த்தார். எதிர்வரிசையில் ஜோதிமணிக்குப் புரையேறியது.