சொந்த ஊரில் ஓட்டல் அறை

கப்பலின் பின்கதவு இறங்கிக் கரையைத் தொட்டதும் முதல் ஆளாக இறங்கியவள் அர்கிரோதான். பிரேயஸ் நகரில் முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டி இந்த வசந்தத்தில்தான் ஓய்வு பெற்றவள். வரிசையில் நிற்பது அவளுக்குப் பழக்கமே இல்லை. அவள் பிறந்த தீவூரான லிமனாகியின் துறையில் கப்பல் கயிற்றை வாங்கிக் கட்டுகிற வேலை அவள் தம்பி பாண்டெலிஸுக்கு. கயிற்றைக் கட்டிவிட்டு ஓடிவந்து அக்காளின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தான். பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, வருடா வருடம் செய்வதுபோல, வீட்டை நோக்கி நடந்தான்.

"டேய், அந்தப் பக்கம் இல்ல. இந்தப் பக்கம்," என்றாள் அர்கிரோ.

இந்தப் பக்கம் இருந்தது ஃபிலியோவின் ஓட்டல். ஒரு காலத்தில் கடற்பஞ்சு அடைத்து வைத்த கல் கிடங்கு. இப்போது ஆறே அறைகள், ஒவ்வோர் அறைக்கும் ஒரு காற்றின் பெயர், வெள்ளை வெளேரென்ற படுக்கை விரிப்புகள்.

"ஓட்டல்ல யாரையாவது பாக்கணுமாக்கா?"

"ஆமா. என் கட்டிலைப் பாக்கணும். நாலு நாளைக்கு ரூம் போட்டிருக்கேன்."

பாண்டெலிஸின் முகத்தில் ஈயாடவில்லை. துறையோரக் காப்பிக்கடையில் சீட்டாடிக்கொண்டிருந்த எட்டுப் பேரும் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அர்கிரோ பெட்டியைத் தம்பி கையிலிருந்து வாங்கி, கல் தரையில் கடகடவென்று இழுத்துக்கொண்டு ஓட்டலுக்குள் போனாள்.

லிமனாகியில் பிறந்தவர் லிமனாகி ஓட்டலில் தங்கினால் அதற்கு இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, உறவோடு சண்டை. இரண்டு, வீட்டை விற்க வந்திருக்க வேண்டும். அந்தத் தீவில் வீடு மகளுக்குத்தான் போகும். பாண்டெலிஸ் குடியிருக்கிற வீடும் பத்திரத்தில் அர்கிரோவின் பேரில்தான் இருக்கிறது. பத்தொன்பது வயதில் கப்பலேறிப் போனவள், வீட்டைத் தம்பிக்கு விட்டுவிட்டு அதன்மேல் உரிமை பேசியதே இல்லை. இப்போது பேச வந்துவிட்டாள் என்று ஊர் முடிவு கட்டியது. மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மூன்றாவது காரணம் தூக்கம். அர்கிரோ ஒவ்வொரு ஜூலையும் பதினைந்து நாள் விடுப்பில் வந்து தம்பி வீட்டில் தங்குவாள். அவளுக்கு வாய்த்தது குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்த சோபா. அந்தப் பெட்டி பழைய டீசல் பஸ் மாதிரி உறுமும். தண்ணீர் குடிக்க வருகிற பேரப்பிள்ளைகள் அதன் கதவைத் திறந்து வெளிச்சத்தை அவள் மூஞ்சியில் அடிப்பார்கள். பகலெல்லாம் தம்பி மனைவி சேவஸ்தியோடு நின்று பதிமூன்று பேருக்குச் சமையல். விடுப்பு முடிந்து பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால்தான் அவளுக்கு உடம்பு ஓயும். ஓய்வு பெற்ற அன்றைக்கே தீர்மானித்துவிட்டாள்: வேறு யாரோ விரித்த படுக்கையில், கடலைப் பார்த்துக்கொண்டு, யார் தயவும் இல்லாமல் நாலு நாள் தூங்க வேண்டும். இதில் அவளுக்குத் துளிக்கூடக் குற்ற உணர்ச்சி இல்லை. முதல் நாள் பத்து மணி நேரம் தூங்கினாள்.

மறுநாள் காலைப் பலகாரத்துக்கு இறங்கி வந்தபோது ஃபிலியோ தேனும் தயிரும் கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். பாண்டெலிஸின் மூத்த பையனை ஞானஸ்நானத்தில் கையில் ஏந்திய ஞானத்தாய் அவள். அந்த உறவு ரத்த உறவைவிடக் கெட்டி.

"அக்கா, உங்க தம்பி விடியக்காலையிலேயே வந்து என் உசிர வாங்கிட்டாரு. உங்க ரூம்ல குழாய் உடைஞ்சிடுச்சுன்னு சொல்லி உங்களை அனுப்பணுமாம்."

"உடைஞ்சா சொல்லு. ஸ்பானர் குடு, நானே சரிபண்றேன்."

"விளையாடாதீங்கக்கா. நாளைக்கு அவரோட பெயர் நாள். நீங்க இங்க படுத்திருந்தா அவர் கதவையே திறக்க மாட்டாராம்."

அர்கிரோவின் கரண்டி நின்றது. ஜூலை இருபத்தேழு, அவன் பெயருக்குரிய புனிதரின் திருநாள். அன்றைக்கு யாரையும் அழைக்கிற வழக்கம் கிடையாது. கதவைத் திறந்து வைத்தால் ஊரே தானாக வந்து வாழ்த்திச் சாப்பிட்டுப் போகும். கதவை மூடி வைப்பது சாவு விழுந்த வீட்டில் மட்டும்தான்.

"அப்படியா சொன்னான்?"

"இன்னும் சொன்னாரு. நாளைக்கு ஊர் முன்னாடி நீங்க அந்த வீட்டுல நிக்கலைன்னா, தனக்கு அக்காவே இல்லைன்னு நினைச்சுக்குவாராம்."

 அர்கிரோவுக்கென்று இருக்கிறவன் அவன் ஒருவன்தான். ஆனாலும் அவன் மூன்று வயதில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நீலம் பாரித்து அழுததையும், யாரும் கவனிக்காவிட்டால் தானே மூச்சு விட்டதையும் பார்த்து வளர்ந்தவள் அவள்.

"திறப்பான்," என்று சொல்லிவிட்டுத் தயிரைச் சாப்பிட்டு முடித்தாள்.

அன்றைக்கு முழுக்க ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். ஒன்றுவிட்ட சித்தி அத்திப்பழத்தோடு வந்தாள். "எங்க வீட்டுக் கட்டிலெல்லாம் எரிஞ்சா போச்சு? சொந்தக்காரங்க உசிரோட இருக்கையில ஓட்டல்ல படுக்கிறியே!" என்றாள். பாதிரியாரின் மனைவி வந்து, வீட்டுக்கு என்ன விலை வரும் என்று காற்றிடம் கேட்பதுபோலக் கேட்டாள். அர்கிரோ எல்லோருக்கும் மாடத்தில் நாற்காலி போட்டாள், காப்பி வரவழைத்துக் கொடுத்தாள், ஒரே பதிலைச் சொன்னாள்: "தூங்க வந்திருக்கேன்." ஒருவரும் நம்பவில்லை.

இருபத்தேழாம் தேதி காலை பத்து மணிக்குச் சேவஸ்தி வந்தாள். படியேறி வந்த வேகத்தில் மூச்சு வாங்கியது. ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் வந்திருந்தாள். விரலெல்லாம் தக்காளிச் சாறு காய்ந்து கிடந்தது.

"அவர் அனுப்பினாரு," என்றாள் வாசலிலேயே நின்று. "உங்களைக் கையோட கூட்டிட்டு வரச் சொன்னாரு. கேட்டுட்டேன். இப்ப நான் என் பங்குக்குக் கேக்குறேன். வீட்டை விக்கப் போறீங்களா அண்ணி?"

"எந்த வீட்டை?"

"அவர் ரெண்டு நாளா தூங்கல. பத்திரத்தை எடுத்து எடுத்துப் பாக்குறாரு."

"பைத்தியக்காரன்! அந்த வீடு அவனோடது, உன்னோடது. நாளைக்கே எழுதிக் குடுக்கச் சொன்னாலும் குடுக்குறேன். எனக்கு வேணும்கறது இந்தக் கட்டில், இன்னும் ரெண்டு நாள். அவ்வளவுதான். போய்ச் சொல்லு அவன்கிட்ட."

சேவஸ்தி போகவில்லை. விஷயம் தீர்ந்தது என்று அர்கிரோ நினைத்தாள்; சேவஸ்தி ஏப்ரன் நுனியை முறுக்கிப் பிடித்தபடி நிற்பதைப் பார்த்த பிறகுதான், தீரவில்லை என்று தெரிந்தது.

"கட்டில் வேணுமாம், கட்டில்," என்றாள் சேவஸ்தி. "எனக்கு வேண்டாமா? அறுபது தக்காளியைக் குடைஞ்சு சோறு அடைக்கணும், இருநூறு திராட்சை இலையில சோறு சுத்தணும், ரெண்டு ஆட்டுக்கால் வேக வைக்கணும். போன வருஷம் நீங்களும் நானும் சேர்ந்து செஞ்சோம். இந்த வருஷம் யார் செய்வாங்கன்னு நினைச்சீங்க? நீங்க வர்ற பதினஞ்சு நாள்தான் எனக்கு இன்னும் ரெண்டு கை இருக்கு. ஒரு வருஷம் பூரா அதைத்தான் எண்ணிட்டிருப்பேன். நீங்க என்னடான்னா எதிர்ல வந்து படுத்துக்கிட்டு காப்பி குடிக்கிறீங்க. என் ஜன்னல்லேருந்து பாத்தா நல்லாத் தெரியுது."

  வசந்தத்திலிருந்து அர்கிரோ இந்த நாலு நாளைப் பற்றி எத்தனையோ யோசித்தாளே தவிர, தான் இறக்கி வைக்கிற சுமை யார் தலையில் போய் விழும் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. தம்பியின் மிரட்டலுக்கு அசையாதவள் எழுந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துத் திறந்தாள்.

"என்ன பண்றீங்க?"

"வர்றேன். இலை சுத்துறது நான்."

சேவஸ்தி உள்ளே வந்தாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். உள்ளங்கையால் மெத்தையை ஒருமுறை அழுத்திப் பார்த்தாள், இன்னொரு முறை அழுத்தினாள். மாடத்துக் கதவு வழியாகக் காற்று வந்தது. துறைக்கு அந்தப் பக்கம் அவளுடைய சமையலறை ஜன்னல் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது.

"அவ்வளவுதானா அது?" என்றாள் தனக்குள். பிறகு ஏப்ரனை அவிழ்த்துச் சுருட்டி நாற்காலியில் வீசினாள். "யாரு உங்களை வரச் சொன்னா? பெட்டியை மூடுங்க. கொஞ்சம் நகருங்க அண்ணி."

செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தாள். அர்கிரோ தலையணையை எடுத்து நீட்டுவதற்குள் தூங்கிப்போயிருந்தாள்.

பதினோரு மணிக்குப் பூசை முடிந்து ஊர் முழுக்கத் துறையில் வந்து நின்றது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாண்டெலிஸ் ஓட்டலுக்குக் கீழே வந்தான். நல்ல சட்டை, வாரிய தலை, அக்காளைக் கூப்பிட அனுப்பிய பெண்டாட்டியும் திரும்பி வராத கோபம்.

"சேவஸ்தி! ஏ சேவஸ்தி!"

அர்கிரோ மாடத்துக்கு வந்து கைப்பிடியில் இரண்டு முழங்கையையும் ஊன்றினாள்.

"கத்தாதடா. தூங்குறா."

"யாரு?"

"உன் பொண்டாட்டி."

 பாண்டெலிஸுக்கு இது புரியவே சற்று நேரம் பிடித்தது. "உடம்பு சரியில்லையா?" என்றான். குரலில் கோபம் போய்ப் பயம் வந்திருந்தது. அதைக் கேட்டதும் அர்கிரோவுக்கு அவன்மேல் பாசம் பொங்கியது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

"நல்லாத்தான் இருக்கா. வீட்டை யாரும் விக்கல, ஊர்க்காரங்க எல்லாரும் கேட்டுக்குங்க. தம்பி, தக்காளியெல்லாம் குடைஞ்சிருப்பா. உனக்கு ரெண்டு பசங்க, ரெண்டு மருமகளுங்க. உன்னோட சேர்த்துப் பத்துக் கை. போய் அதுல சோத்தை அடை."

"நானா? இன்னிக்கு என் பெயர் நாள்!"

"அதான் சொல்றேன். உன் பெயர் நாள், நீதான் விருந்து வைக்கணும்."

"கதவைத் திறக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேன், தெரியுமில்ல?"

"திறந்து வை. சாயங்காலம் நாங்க ரெண்டு பேரும் வர்றோம். விருந்தாளியா."

காப்பிக்கடையில் யாரோ சிரித்தார்கள். அது தொற்றிக்கொண்டு துறை முழுக்கப் பரவியது. பாண்டெலிஸ் சிவந்த முகத்தோடு மேலே பார்த்தான், பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தான்.

மாலை ஏழு மணிக்கு, வெயில் மலைச்சரிவில் ஏறிக்கொண்டிருந்தபோது, இரண்டு பெண்களும் கையில் இனிப்புப் பெட்டியோடு போய்ச் சேர்ந்தார்கள். சேவஸ்தி அர்கிரோவின் நீலச் சட்டையைப் போட்டிருந்தாள். கதவு விரியத் திறந்திருந்தது. நாற்பது பேர் இருந்தார்கள். பாண்டெலிஸ் சட்டையெல்லாம் சோற்றுப் பருக்கையோடு வந்து, ஒரு கணம் தயங்கி, அக்காளைக் கட்டிக்கொண்டான்.

"பல்லாண்டு இருடா," என்றாள் அவள். அவனுக்குக் கண் கலங்கியது, அவளுக்கும்தான்.

சேவஸ்தியைக் கூடத்தில், ஜன்னலோரம், நல்ல நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அந்த நாற்காலியில் எந்தப் பெயர் நாளிலும் அவள் உட்கார்ந்ததே இல்லை. பாண்டெலிஸ் தட்டில் இரண்டு தக்காளியை வைத்துக் கொண்டுவந்து நீட்டினான். ஒரு பக்கம் கருகி, ஒரு பக்கம் வேகாமல் இருந்தது. அவள் ஒரு வாய் மென்றாள். கூடம் முழுக்க அவள் வாயையே பார்த்தது.

"நல்லா இருக்கு," என்றாள். "உப்புத்தான் பத்தல."

பாண்டெலிஸ் உப்பு எடுக்க உள்ளே ஓடினான். அலமாரிக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வெறுங்கையோடு சமையலறை வாசற்படிக்கு வந்து நின்றான்.

"சேவஸ்தி, உப்பு எங்க இருக்கு?"

பழக்கத்தில் அவள் கை நாற்காலியின் பிடியை ஊன்றியது. பாதி எழுந்தாள். பிறகு வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"தேடுங்க," என்றாள்.