தராசுக் கல் ஒரு பள்ளம் தள்ளி

1

இந்தக் கதை என் சொந்தப் பயத்தில் பிறந்தது, ஒப்புக்கொள்கிறேன். மொன்டானாவில் எங்கள் பக்கம் வேட்டைத் தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிக்கொள்வோம். போன வருடம் வெடிமருந்தை எடைபோட்டு முடித்துவிட்டுப் பார்த்தால், தராசுத் தண்டில் அளவுக்கேற்ப நகர்த்தி வைக்கும் கல் ஒரு பள்ளம் தள்ளி உட்கார்ந்திருந்தது. நல்லவேளை, யாரும் சுடவில்லை. ஆனாலும் ஒரு வாரம் தூக்கமில்லை. அந்த வாரத்தை வேறு யார் தலையிலாவது கட்டத்தான் ஆர்டிஸைப் படைத்தேன்.

2

ஆர்டிஸ் ஒரு பதற்றக்காரி, எப்போது பார்த்தாலும்

(வேண்டாம். பதற்றக்காரி தப்பு செய்தால் யார் மலைக்கப்போகிறார்கள்?)

ஆர்டிஸ் கறாரானவள். ஒவ்வொரு தோட்டாவுக்கும் மருந்தைத் தனித்தனியாக எடைபோடுவாள்; நிரப்பிய வரிசையிலேயே பெட்டியில் அடுக்குவாள். இருபது நிரப்பினாள். முதல் பத்தை எடுத்துக்கொண்டு கணவன் மெர்ல் எல்க் மான் வேட்டைக்குக் கிளம்பினான்.

"பத்து போதுமா?"

"ஒரு மானைச் சுடவே எனக்கு மூணு வருஷம் ஆச்சு. நீ வேற!"

"அது மருந்தோட குத்தம் இல்ல, மெர்ல்."

3

அவன் போன பிறகு மேசையை ஒழுங்குபடுத்தும்போதுதான் கல்லைப் பார்த்தாள். ஒரு பள்ளம் கூடுதல். அந்தக் கூடுதல் மருந்து துப்பாக்கியையே பிளந்துவிடும், சுடுபவன் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில்.

கல்லைச் சரியாக வைத்தாள். இருபதாவது தோட்டாவைப் பிரித்து மருந்தை எடைபோட்டாள். கூடுதல். பத்தொன்பதாவதும் கூடுதல். பதினொன்றுவரை அத்தனையும் கூடுதல். அதற்கு முந்தையவை மெர்லின் பையில் இருந்தன. அவன் செல்லுக்குப் போன் போட்டாள்.

"எடு, மெர்ல்! எடுத்துத் தொலை!"

மலையில் சிக்னல் கிடையாது. வண்டிச் சாவியைத் தேடினாள்.

4

முடிவு ஒன்று: பத்தாவது முடிந்து காப்பிக்கு எழுந்தபோதுதான் முழங்கை தட்டிக் கல் நகர்ந்தது. மெர்ல் மானோடு திரும்புகிறான். (சரியாகப் பத்துக்குப் பிறகா? காதில் பூ சுற்றாதே என்பீர்கள்.)

முடிவு இரண்டு: மெர்ல் விசையை

(இதை எழுத மாட்டேன்.)

5

அதனால் மலைமேல் பனிமூட்டத்தை இறக்கிவிட்டேன். மூட்டத்தில் மெர்ல் சுடமாட்டான். ஆர்டிஸ் வண்டியை வேலியோரம் விட்டுவிட்டு ஏறிக்கொண்டிருக்கிறாள்.

"சுடாத மெர்ல்! நான் தப்பா எடைபோட்டுட்டேன்!"

இன்னும் எத்தனை வரிக்கு மூட்டத்தை இழுத்துப்பிடிப்பது? காற்று கிளம்பிவிட்டது. மரங்களுக்கிடையே அவனுடைய ஆரஞ்சுச் சட்டை தெரிகிறது. ஆர்டிஸ் எவ்வளவு தூரத்தில் இருக்கிறாள் என்பதை நீங்களே சொல்லுங்கள். குரல் எட்டும் தூரம் என்றாவது சொல்லுங்கள். சீக்கிரம். எல்க் தலையைத் தூக்கிவிட்டது, மெர்ல் துப்பாக்கியைத் தோளில்