உறுமல்

நாத்தனார் வந்து சேர்ந்த அன்று, வீட்டில் முதலில் இடம் போனது நாய்க்குத்தான்.

இரண்டு அறை, ஒரு சமையலறை. வெளிச்சம் விழுகிற ஜன்னல் ஒன்றே ஒன்று. அதன் கீழேதான் மேஸ்திரி இத்தனை வருடமாகப் படுத்துக் கிடந்தது. குட்டியாக அது வந்த சமயத்தில் வீட்டுக்கு வெள்ளையடித்துக் கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு ஆளின் பக்கத்திலும் போய் நின்று அண்ணாந்து பார்க்கும். வேலை திருப்தியில்லை என்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு நகரும். பெயர் அப்படி வந்ததுதான். இப்போது அந்த ஜன்னலடியில் நாத்தனாரின் தையல் இயந்திரம் வந்து உட்கார்ந்தது. வேலைக்குப் போன இடத்தில் அவருடைய கணவர் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். இனி தையல்தான் அவருக்குச் சோறு. அவருடைய தம்பி, நாயின் சாக்கை இழுத்து இரண்டு அறைக்கும் நடுவிலிருந்த குறுகலான நடையில் போட்டான். நாய்க்கு எங்கே படுத்தால் என்ன என்றான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். கெட்டவன் இல்லை. அக்காவை நடுத்தெருவில் விடாமல் கையோடு கூட்டி வந்தவன். ஆனால் அவன் ஒன்று சொல்லிவிட்டால் வீட்டில் மறுபேச்சு கூடாது. அவன் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க நின்றுகொண்டே மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டு வருகிறவளுக்கு மறுபேச்சுப் பேசத் தெம்பும் இருக்காது.

நாத்தனாருக்கு வாய் அதிகம் கிடையாது. கைதான் பேசும். மனைவி மடித்து வைத்த துணியை ஒரு வார்த்தை சொல்லாமல் பிரித்து, மறுபடி மடித்து வைப்பார். அவள் கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தை எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பார். ஐந்தாவது படிக்கும் தம்பி மகளைப் பொடிசு என்று கூப்பிடுவார்கள். வாசல்வரை போனவளை நிறுத்தி, அம்மா பின்னிவிட்ட சடையை அவிழ்த்து, அத்தை வேறு மாதிரி பின்னி அனுப்புவார். சண்டை என்று ஒரு நாளும் வந்ததில்லை. வந்திருந்தால் தேவலை என்று மனைவிக்குத் தோன்றும்.

நடையைக் கடக்க வேண்டுமென்றால் மேஸ்திரியைத் தாண்டித்தான் போக வேண்டும். துணி மூட்டையோடு ஒருநாள் நாத்தனார் தாண்டியபோது அது உறுமியது. உரக்க இல்லை. தொண்டைக்குள்ளே எதையோ உருட்டுகிற மாதிரி. நாத்தனார் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றுவிட்டார். தம்பி மனைவியைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அவள் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாக வந்து, நாயின் கழுத்தைப் பிடித்து வழிவிட்டாள்.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. ஒரு சாயங்காலம் மேஸ்திரி உறுமியதோடு நிற்கவில்லை, நாத்தனார் உடுத்தியிருந்த துணியின் ஓரத்தைக் கவ்விக் கிழித்தது. பல் உடம்பில் படவில்லை. நாத்தனார் பேசாமல் போய் உட்கார்ந்து கிழிசலைத் தைத்துக்கொண்டார். தன்னால் ஒரு வாயில்லா ஜீவன் வெளியே போயிற்று என்ற பேச்சு தம்பி வீட்டில் எழக்கூடாது என்று அவருக்கு. மனைவி பார்த்தாள். அவளும் கணவனிடம் சொல்லவில்லை.

அது பொடிசைப் பார்த்து உறுமியபோதுதான் மனைவி பயந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பொடிசு நாயின் இடுப்பின் மேல் தலைவைத்துப் படுப்பாள். அன்றைக்கு அது தலையைத் திருப்பிப் பல்லைக் காட்டியது. மனைவி, மருந்துக்கடைக்கு வழக்கமாக வரும் ஒருவரிடம் விசாரித்து, நாய்ப் பயிற்சி தருகிற ஓர் அம்மாளை வரவழைத்தாள்.

பயிற்சிக்கார அம்மாள் வந்ததும் நாயைத் தொடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, யார் எங்கே நடக்கிறார்கள், அது எப்போது காதை மடக்குகிறது என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நாய் எழுந்திருக்கச் சிரமப்படுவதைக் கவனித்தார். உடம்பு பெருத்துவிட்டது, தீனியைக் குறையுங்கள் என்றார். பிறகு, கடித்திருக்கிறதா, பல் எங்கேயாவது பட்டிருக்கிறதா என்று கேட்டார். மனைவி நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். இல்லை என்றாள் மனைவி.

அம்மாள் சொன்னவை எளிய காரியங்கள். சாக்கை நடையிலிருந்து எடுத்து, யாரும் கடக்காத சமையலறை மூலையில் போட வேண்டும். நாத்தனார் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நாயைப் பார்க்காமல், ஒரு ரொட்டித் துண்டைப் போட்டுவிட்டுப் போக வேண்டும். பொடிசு அதன்மேல் படுக்கக் கூடாது. அதுவாக வந்தால் தடவலாம். எல்லாம் சொல்லி முடித்துச் செருப்பைப் போடும்போது மறுபடி திரும்பினார்.

"ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க. உறுமினா திட்டாதீங்க, அடிக்காதீங்க. கிட்ட வராதேன்னு அது சொல்ற பாஷை அதுதான். அந்த வாயை அடைச்சீங்கன்னா, சொல்றதை விட்டுட்டுச் செய்ய ஆரம்பிச்சிடும்."

அடியாத மாடு படியாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள் என்றான் மெக்கானிக்.

"மாடு படியும் சார். மாட்டுக்கு இந்தப் பல்லு கிடையாதே," என்றார் அம்மாள். நாத்தனார்கூடச் சிரித்துவிட்டார். மெக்கானிக் சிரிக்கவில்லை.

சொன்னபடி செய்ததில் பலன் தெரிந்தது. நாத்தனார் எழுந்தாலே மேஸ்திரி அவர் கையைப் பார்த்து வாலை ஆட்ட ஆரம்பித்தது. ரொட்டிக்கு வந்த மரியாதை, எனக்கு இல்லை என்று நாத்தனார் சொல்லுவார். ஆனால் அவரும் துண்டைப் பெரிதாகப் பிய்க்க ஆரம்பித்திருந்தார்.

எல்லாம் மெக்கானிக்கின் மேலதிகாரி வீட்டுக்கு வரும்வரைதான். வந்தவர் தண்ணீர் குடிக்கச் சமையலறைப் பக்கம் போனார். மூலையில் கிடந்த நாயை, நாய்களோடு பழகின ஆள் என்ற தெம்பில், பின்பக்கம் தட்டிக்கொடுத்தார். மேஸ்திரி உறுமியது. தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வீட்டில் உன் பேச்சை யாருமே கேட்கமாட்டார்களா என்று அவர் சிரித்தார். வேடிக்கையாகச் சொன்னதுதான். மெக்கானிக்கின் முகம் சுண்டிப்போயிற்று.

மறுநாள், இழுத்தால் கழுத்தை இறுக்குகிற சங்கிலி ஒன்றை வாங்கி வந்தான். யாரையாவது நாயின் பக்கத்தில் நடக்கச் சொல்லுவான். தொண்டையில் உருட்டல் கேட்ட அடுத்த நொடி ஒரு சுண்டு. நாய் இருமும். மறுபடி நடக்கச் சொல்லுவான். பொடிசு காதைப் பொத்திக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள். பயிற்சிக்கார அம்மாள் போன் செய்தபோது, இனி வரவேண்டியதில்லை, நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டான். மனைவி ஒரு தரம் ஆரம்பித்தாள். அவன் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டாள்.

கொஞ்ச நாளில் உறுமல் நின்றது. சுத்தமாக நின்றது. மெக்கானிக் பெருமையோடு சாக்கை மறுபடி நடையில் கொண்டுவந்து போட்டான். யார் தாண்டினாலும் மேஸ்திரி அசையாமல் கிடந்தது. கண் மட்டும் காலோடு கூடவே போகும். வீடு நிம்மதியாகிவிட்டது என்று எல்லோருமே நினைத்தார்கள், மனைவியும்தான்.

கடித்தது ஒரு காலை நேரம். பொடிசு பள்ளிக்கூடம் போயாயிற்று. மெக்கானிக் வாசலில் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். நாத்தனாரின் கையிலிருந்து நழுவிய நூல்கண்டு உருண்டு போய் நாயின் பின்னங்காலடியில் நின்றது. அவர் குனிந்து எடுத்தார். புறங்கை அதன் இடுப்பில் பட்டது.

ஒரு சத்தமும் இல்லை. அடுப்படியில் நின்ற மனைவிக்கு முதலில் கேட்டது நாத்தனாரின் குரல்தான். அதுகூட அலறல் இல்லை, "ஐயோ, விடுடா" என்று குழந்தையிடம் சொல்கிற மாதிரி ஒரு குரல். நடைக்கு வந்து பார்த்தால் அவருடைய வலது கை நாயின் வாய்க்குள் இருந்தது. மெக்கானிக் ஓடிவந்து சங்கிலியை இழுத்தான். இழுக்க இழுக்கப் பல் இன்னும் இறுகியது. இழுக்காதே இழுக்காதே என்று மனைவி கத்தியது அவன் காதில் ஏறவில்லை. பானைத் தண்ணீரை அப்படியே கொண்டுவந்து நாயின் முகத்தில் கொட்டினாள். விட்டது. விட்டதும் மூலைக்குப் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள், ஊசி போட்டார்கள், பிறகு அறுவை செய்தார்கள். புண் ஆறிவிடும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இனி ஒன்றையொன்று தொடாது என்றார் மருத்துவர். நாத்தனார் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, தப்பு என்மேல்தான், பார்க்காமல் குனிந்துவிட்டேன் என்று தம்பியிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். மெக்கானிக் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, உன் நாய் செய்த வேலையைப் பார் என்றான். அதுவரை அது எல்லோருடைய நாயாகவும் இருந்தது.

அவனுடைய கூட்டாளி ஒருவனுக்குக் கிடங்கு இருந்தது. காவலுக்கு நாய் தேடிக்கொண்டிருந்தான். கடிக்கிற நாய்தானே அவனுக்கு வேண்டும், நாளைக்கே கொண்டுபோய் விடுகிறேன் என்றான் மெக்கானிக். அப்போதுதான் மனைவி வாய் திறந்தாள்.

"அங்க இருக்கிற வாட்ச்மேனுக்குக் கை இல்லையா?"

அவள் அவன் எதிரிலேயே பயிற்சிக்கார அம்மாளுக்குப் போன் செய்தாள். துணியைக் கிழித்தது, சங்கிலி, எதையும் இந்தத் தடவை விடாமல் சொன்னாள். அம்மாள் திட்டவில்லை. மேஸ்திரிக்கு வாய்மூடி மாட்டி, அம்மாளும் மனைவியும் மெக்கானிக்குமாகக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனார்கள். எக்ஸ்ரேயில் இடுப்பின் இரண்டு பக்க மூட்டும் தேய்ந்திருந்தது. இடது பக்கம் எலும்பு குழியை விட்டு நழுவிக்கொண்டிருந்தது. மருத்துவர் அந்தக் காலை மெல்ல மடக்கிப் பார்த்தார். நாய் நடுங்கியது, சத்தம் போடவில்லை.

"இந்த இடத்தில கை வச்சா எந்த நாயும் கத்தும். இது ஏன் இப்படி இருக்குன்னு தெரியல," என்றார் மருத்துவர்.

மெக்கானிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய் நின்றான்.

உடம்பு பெருத்ததால்தான் எழச் சிரமப்படுகிறது என்று நினைத்தேன், அன்றைக்கே இங்கே அனுப்பியிருக்க வேண்டும் என்றார் பயிற்சிக்கார அம்மாள். அவர் முகம் வெளுத்திருந்தது. மாத்திரையால் வலியைக் குறைக்கலாம், மூட்டு திரும்ப வராது. எச்சரிக்காமல் கடிக்கப் பழகிய நாயைக் குழந்தை இருக்கிற வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்ல இருவருக்குமே மனம் வரவில்லை. வேறு ஆளில்லாத இடமாக, பழகின ஒருவர் மட்டும் பார்த்துக்கொள்கிற இடமாக இருந்தால் சரி. அம்மாள் தனக்குத் தெரிந்தவர்களையெல்லாம் கேட்டுப் பார்த்தார். அதுவரை மேஸ்திரி சமையலறையில் வாய்மூடியோடு, தாழிட்ட கதவுக்குப் பின்னால் இருந்தது. யாரும் கிடைக்கவில்லை.

ஊசி போட்டு வலியில்லாமல் முடித்துவிடலாம் என்ற முடிவை மனைவிதான் சொன்னாள். பொடிசிடமும் அவளே சொன்னாள், மறைக்காமல்.

மருத்துவமனை மேஜைமேல் அவள்தான் அதன் தலையைப் பிடித்துக்கொண்டாள். முதல் ஊசியில் கண் செருகியதும், வாய்மூடியைக் கழற்றலாமா என்று கேட்டாள். மருத்துவர் தலையாட்டினார். கழற்றிவிட்டு, வார் அழுத்திப் படிந்திருந்த முடியைக் கையால் நீவினாள். இரண்டாவது ஊசிக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. மெக்கானிக் உள்ளே வரவில்லை. திரும்பும்போது வண்டியை அவன்தான் ஓட்டினான். பச்சை விளக்கு விழுந்தும் அப்படியே நின்றான். பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

அன்றிலிருந்து பொடிசு அப்பாவிடம் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னாள். சாப்பிட்டியா என்றால் சாப்பிட்டேன். படித்தாயா என்றால் படித்தேன். அதற்குமேல் ஒரு சொல் கிடையாது. அவன் அவளுக்கு விதவிதமாக வாங்கிவந்து பார்த்தான். எல்லாம் பிரிக்காமல் அலமாரியில் இருந்தன.

கட்டுப் பிரித்த பிறகு நாத்தனார் இயந்திரத்தில் உட்கார்ந்து முயன்றார். துணியைப் பிடிக்க முடியவில்லை. இடது கையால் வெட்டப் பழகினார். கோடு கோணிக்கொண்டு போயிற்று. கடைசியில் பெண்கள் விடுதி ஒன்றில் மேற்பார்வை வேலை கிடைத்தது. அங்கேயே தங்கிக்கொள்ளலாம். இயந்திரத்தை எடுத்துப் போகவில்லை. பொடிசு பெரியவளானால் ஆகும் என்றார்.

புறப்படுகிற நாள் காலையில் மனைவி அவருக்குத் தலை வாரிவிட்டாள். ஒற்றைக் கையால் பின்னிக்கொள்ள முடியாததால் அது அவளுடைய வேலையாகி இருந்தது. நாத்தனார் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு," என்றார் நாத்தனார். "அது என்னைக் கடிச்சப்போ உனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமா இருந்துச்சா?"

மனைவியின் கையில் சீப்பு நின்றது.

"கடிச்சப்போ இல்ல அண்ணி," என்றாள். "முன்னாடி உங்களைப் பாத்து உறுமும் பாருங்க. அப்போ இருந்துச்சு. அதனாலதான் அந்தம்மா கேட்டப்போ துணியைக் கிழிச்சதைச் சொல்லல."

வெளியே யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. மனைவி மறுபடி வார ஆரம்பித்தாள். மூன்றாகப் பிரித்துப் பின்னினாள். கண்ணீர் விழுந்தது அவருக்குத் தெரியக்கூடாது என்று வேகவேகமாகப் பின்னினாள்.

"இறுக்காதே," என்றார் நாத்தனார். "வலிக்குது."

அவள் அவிழ்த்தாள். முதலிலிருந்து, தளர்த்திப் பின்னினாள்.