ஒருதரம் கேட்டால் போதும்

1

இது நான் கற்பனை செய்த கதையல்ல என்பதை முதலே சொல்லிவிடுகிறேன். பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில், பக்கத்துச் சீற்றில் இருந்த ரீச்சர் சொன்னது. பேரை மாற்றச் சொன்னார். உதயகலா என்று வைத்துவிட்டேன். பயம் முழுக்க அவருடையது. எழுத எழுத எனக்கும் தொற்றிக்கொண்டது.

தொடக்கம் ஒன்று எழுதினேன்: ‘அதிகாலைக் கடற்காற்றில் பள்ளிக்கூட மணி…’ சீ, வேண்டாம். அந்தக் காற்று எல்லாருடைய கதையிலும் வீசி அலுத்துவிட்டது.

2

உதயகலா கரையோரப் பள்ளிக்கூடம் ஒன்றில் இரண்டாம் வகுப்பு ரீச்சர். பயிற்சி ஒன்றுக்குப் போய்வந்தபின் புது முறையில் வாசிப்புப் படிப்பித்தார். முதலில் ஒலி, பிறகு எழுத்து, பிறகு எழுத்துகளைக் கூட்டி ஒரு சொல். படித்த எழுத்துகளால் ஆன சொற்களை மட்டுமே பிள்ளை வாசிக்கவேண்டும். படத்தைப் பார்த்து ஊகிக்கக் கூடாதென்று புத்தகத்துப் படங்களைக் கடதாசி ஒட்டி மறைத்தார். (“வடிவான படங்களை ஏன் மூடுறியள்?” என்று பள்ளிக்கூட அதிபர் கேட்டாராம்.)

மற்றப் பிள்ளைகள் எழுத்துக் கூட்டித் திணற, நிவேதனா மட்டும் தண்ணி மாதிரி வாசித்தாள். அதிபர் பூரித்துப்போனார். நவராத்திரிக்குப் பள்ளிக்கூடத்தில் நடக்கும் வாணி விழாவன்று, பெற்றோருக்கும் வலயக் கல்வி அதிகாரிகளுக்கும் முன்னால், அவள் ஒரு புதுப் பக்கத்தை வாசிப்பாள் என்று அறிவித்தும் விட்டார்.

“உங்கடை முறை சரியெண்டு எல்லாரும் பார்க்கட்டும் ரீச்சர்.”

3

விழாவுக்கு முதல்நாள் உதயகலா ஒரு சோதனை வைத்தார். அர்த்தமில்லாத சொற்களை எழுதி வாசிக்கச் சொல்வது. கேட்டறியாத சொல்லை எழுத்தைப் பார்த்துத்தான் வாசிக்க முடியும். கரும்பலகையில் ‘டுபமி’ என்று எழுதினார். வகுப்பில் ஆக மெதுவாக வாசிக்கும் தனோஜன்கூட, “டு… ப… மி” என்று முக்கி முக்கிச் சொல்லிவிட்டான். நிவேதனா ரீச்சரின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

‘படம்’ என்று எழுதினார். அதற்கும் அப்படியே நின்றாள்.

உதயகலா சோக்கைக் கீழே வைத்துவிட்டார்.

4

(இந்த இடத்தில் பிள்ளையை நானே சந்தேகப்பட்டேன். ‘கள்ளி, ரீச்சரையே ஏமாற்றி…’ என்று எழுதி, வெட்கப்பட்டு நிறுத்தினேன். அவள் யாரையும் ஏமாற்றவில்லை.)

காலைப் பிரார்த்தனையில் தேவாரம் பாடித் தருபவள் நிவேதனாதான். எங்கள் பிள்ளைகளுக்குத் தேவாரம் எப்படி வருகிறது? பெரியவர் ஒரு வரி சொல்ல, பிள்ளை பின்னால் சொல்லும். உதயகலாவும் அப்படி வளர்ந்தவர்தான். அந்தப் பழக்கத்தில், பயிற்சியில் இல்லாத ஒன்றைத் தன்னை அறியாமல் வகுப்பில் சேர்த்திருந்தார். ஒவ்வொரு புதுப் பக்கத்தையும் தான் ஒருதரம் உரக்க வாசித்துக் காட்டிவிட்டே பிள்ளைகளிடம் கொடுப்பார். நிவேதனாவுக்கு அந்த ஒருதரம் போதும், முழுப் பக்கமும் மனப்பாடமாகிவிடும். வாசிப்பு என்றால் அதுதான் என்று அவள் நம்பியிருந்தாள், பாவம்.

5

அன்று பின்னேரம் நிவேதனாவின் தாய் கேதீஸ்வரி வந்தாள்.

“உவள் வாசிக்கிறதைக் கேக்கவேணுமெண்டு அவர் நாளைக்குக் கடலுக்குப் போகேல்லையாம் ரீச்சர்.”

“தங்கச்சி, ஒரு விசயம்…”

“சண்டைக்குள்ளை ஓடித் திரிஞ்சதிலை எங்கள் ரெண்டு பேருக்கும் எழுத்து வரேல்லை. மருந்துத் துண்டு வாசிக்கவும் ஆரையும் பிடிக்கவேணும். இப்ப வீட்டிலை வாசிக்க ஒராள் இருக்கு. நீங்கள் ஏதோ சொல்ல வந்தனீங்கள்?”

“நாளைக்கு நல்ல சட்டை போட்டு விடுங்கோ,” என்றார் உதயகலா. சொன்ன வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

6

முடிவு (அ): உதயகலா அதிபரிடம் உண்மையைச் சொல்ல, அவர் உடனே நிகழ்ச்சியை நிறுத்துகிறார். எழுதிவிட்டு நானே சிரித்தேன். உண்மையில் அவர் சொன்னது: “சின்னப் பக்கந்தானே ரீச்சர், எப்படியும் சமாளியுங்கோ.”

முடிவு (ஆ): மேடையேறிய பிள்ளை கலைமகள் அருளால் கடகடவென்று…

அடித்துவிட்டேன். ஓர் இரவில் எழுத்து வராது. அப்படி வரும் என்று எழுதினால் உதயகலா என்னோடு ஒருநாளும் கதைக்கமாட்டார்.

7

நடந்தது இவ்வளவுதான். அதிபர் பக்கத்தைப் பிள்ளையிடம் கொடுத்தார். அவள் நேரே மேடைக்குப் பின்னால் நின்ற உதயகலாவிடம் வந்து அதை நீட்டினாள்.

“ரீச்சர், ஒருக்காச் சொல்லித் தாங்கோ. பிறகு நான் வாசிக்கிறன்.”

சொல்லிக் கொடுத்தால் இன்றைக்குத் தப்பலாம். தகப்பன் நெஞ்சு நிறைந்து வீட்டுக்குப் போவார். பிள்ளைக்கு எழுத்துத் தெரியாது என்று இனி ஒருவரும் நம்பமாட்டார்கள், உதவவும் மாட்டார்கள். சொல்லிக் கொடுக்காவிட்டால் சபை நடுவில் அவள் வாயடைத்து நிற்பாள். பிறகு புத்தகத்தைக் கண்டாலே ஓடுவாளோ என்னவோ.

உதயகலா என்ன செய்தார் என்பது எனக்குத் தெரியும். பஸ்ஸை விட்டு இறங்கமுதல் சொல்லிவிட்டுத்தான் போனார். உங்களுக்கு நான் சொல்லமாட்டேன். நான் சொன்னால் நீங்களும் என் பின்னால் அதையே திருப்பிச் சொல்லி, சரிதான் என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவீர்கள்.

ஒலிபெருக்கியில் அவளுடைய பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். பிள்ளை தாளை இன்னும் நீட்டிக்கொண்டு நிற்கிறாள். வாங்குங்கள்.