கோமதிநாயகத்தின் கண்ணாடி நெற்றி

கோமதிநாயகத்தின் மண்டையோடு கண்ணாடியில் செய்து முடிக்கப்பட்டுவிட்டதாகத் திங்கட்கிழமை தபால் வந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு நேரில் வந்து சான்றொப்பம் பெற்றுக்கொள்ளும்படி அதில் கண்டிருந்தது. ஐம்பத்தைந்து முடிந்தவர்களுக்கெல்லாம் வருவதுதான். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாக மனைவி ஆவுடையம்மாளிடம் சொல்லிவிட்டு, முகச்சவரம் செய்துகொண்டு புறப்பட்டார்.

அலுவலக வராந்தாவில் பதினேழு பேர் காத்திருந்தார்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு கண்ணாடி மண்டையோடு, துண்டில் பொதிந்தபடி. உள்ளே போனவர்களின் செருப்புகள் கதவோரம் வரிசையாகக் கிடந்தன. திரும்ப வந்து போட்டுக்கொண்டவர் எவருமில்லை.

அவருடையதைச் செய்த ஜெசிந்தா தானே அதைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். கண்ணாடி ஊதுகிறவள். விரல்களெல்லாம் சுட்ட தழும்பு.

"ஆறு மாசம் சார். நெத்திக்கு மட்டும் ரெண்டு மாசம்."

"எனக்கு அவ்வளவு நெத்தியா இருக்கு?"

"இருக்கு. நீங்க பாத்ததில்ல."

துண்டை விலக்கினாள். வெயில் அதற்குள் புகுந்து எதிர்ச்சுவரில் வாய்க்கால் தண்ணீர்போல அசைந்தது. தம்மைப் பற்றிக் கோமதிநாயகத்துக்கு இதற்கு முன் இவ்வளவு நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை.

பெயரைக் கூப்பிட்டார்கள். இருவரும் போனார்கள். அதிகாரி பச்சை மைப் பேனாவைத் திறந்து தயாராக வைத்திருந்தார்.

"நகல் இருக்கு. அசல் எங்க?"

"உள்ள இருக்கு சார்."

"எடுத்து மேசைல வையும். ஒப்பிட்டுப் பாக்கணும்லா."

"எடுத்துட்டா நான் எப்படி சார் வீட்டுக்குப் போறது?"

"அது எங்க பிரிவுல வராது வே."

வராந்தாவிலிருந்து ஒரு குரல் வந்தது. "அண்ணாச்சி, சட்டுனு கழட்டிக் குடும். பசிக்கி."

கழற்றுவதற்கு முன் வெளியிலிருந்து பார்ப்பது முதல் கட்டம். அதிகாரி எழுந்து வந்து கோமதிநாயகத்தின் தலையை விரலால் தட்டினார். நெற்றுத் தேங்காய்ச் சத்தம் கேட்டது. பிறகு கண்ணாடியைத் தட்டினார். கோயில் மணி அடித்து ஓய்ந்த மாதிரி ஒரு ரீங்காரம் அறை முழுக்க நின்றது.

"பொருந்தல. அசலவிட நகல் அழகா இருக்கு. கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

மேசை இழுப்பறையிலிருந்து ஓர் அரத்தை எடுத்து ஜெசிந்தாவிடம் நீட்டினார்.

"ஏ பிள்ள, நெத்தியக் கொஞ்சம் தேச்சு மங்கலாக்கு. அஞ்சு நிமிசத்துல முடிச்சிரலாம்."

கோமதிநாயகம் அரத்தைப் பார்த்தார். ஆவுடையம்மாள் இந்நேரம் அரிசி களைந்திருப்பாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லும் உரிமை அசலுக்கு உண்டா என்று தெரியவில்லை.

ஜெசிந்தா கையை நீட்டவில்லை.

"மாட்டேன் சார்."

"அப்ப இவரு நிலுவைல போயிருவாரு. இந்த அழகுக்கு அவரு எப்ப வந்து சேர?"

"வாறப்ப வரட்டும். நான் தேய்க்க மாட்டேன்."

அதிகாரி நாற்காலிக்குத் திரும்பி உட்கார்ந்தார். பிறகு பச்சை மையில் எழுதினார்: 'நகல் அழகு மிகுதி. பொருந்தும்வரை அசல் உரியவர் வசமே இருக்கலாம்.'

வெளியே வந்ததும் ஜெசிந்தா கண்ணாடியை மறுபடி துண்டில் பொதிந்துகொண்டாள். கோமதிநாயகம் கைகூப்பினார்.

"ரொம்ப நன்றிம்மா."

"உங்களுக்காக இல்ல சார். நெத்திக்காக."

"நெத்திக்கும் சேத்துத்தான் சொல்லுதேன்."

காலையில் இருந்ததைவிட வராந்தா இரண்டு தெரு நீளம் கூடியிருந்தது. கூடட்டும் என்று நடந்தார். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். கழுத்தின் மேலிருந்த தம் தலையை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு, எங்கும் இடித்துவிடாமல், மெல்ல மெல்ல வீட்டுக்குப் போனார்.