இரண்டு முறை நகர்ந்த மலை

மூன்றாவது முறையாகக் கட்டுரை திரும்பி வந்தது. முதல் மதிப்பீட்டாளர் இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தச் சொல்லிவிட்டு வாழ்த்தியிருந்தார். இரண்டாமவர் வழக்கம்போல என் வயிற்றெரிச்சலைக் கிளப்பியிருந்தார். அவர் ஆணா பெண்ணா, எந்த ஊர், எதுவும் எனக்குத் தெரியாது. ஆய்விதழ்களில் அப்படித்தான் வழக்கம். முகம் தெரியாதவரைத் திட்டுவதில் ஒரு திருப்தியும் இல்லை.

"தெற்கு முகட்டுக் கற்களில் ஒன்றையாவது இப்போது புதிதாக வெட்டிப் பார்ப்பது நல்லது" என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்.

பதினொரு வருடமாக நான் ஒரே மலையைத்தான் ஆராய்கிறேன். பூமிக்கு அடியில் வெந்து, நசுங்கி, தன் பழைய உருவத்தை மறந்துபோன பாறைகளால் ஆன மலை. ஒரு பாறைத் தட்டு இன்னொன்றின் மேல் ஏறி நகரும்போது, நடுவில் மாட்டிய கார்னெட் என்னும் கனிம மணிகள் உள்ளங்கைகளுக்கிடையே வைத்துத் தேய்த்த கோலிக்குண்டு போல உருளும். உருண்டபடியே வளர்வதால் மணிக்குள் ஒரு சுழி விழும். சுழி எந்தப் பக்கம் என்று பார்த்தால் மேல்தட்டு எந்தப் பக்கம் போனது என்று சொல்லிவிடலாம். தெற்கு முகட்டில் சுழிகள் கிழக்கு என்றன. வடக்கு முகட்டில் மேற்கு என்றன. ஆகவே, மலை முதலில் கிழக்கே போனது, மூன்று கோடி வருடம் கழித்துத் திரும்பி வந்தது என்று எழுதினேன். எங்கள் துறையில் என்னை யாருக்காவது தெரிந்திருந்தால் அது அந்தத் திரும்பி வந்த மலையால்தான். அடுத்த புதன்கிழமை பேராசிரியர் பதவிக்கு நேர்காணல். அதற்குள் இந்தக் கட்டுரை ஏற்கப்பட்டாக வேண்டும்.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். சட்டையில் கிரீஸ் கறையோடு உட்கார்ந்து நான் புலம்புவதைக் கேட்டார்.

"ஒரு கல்லுதானே, வெட்டிக் காட்டிட்டுப் போயேன்."

"ஒரு கல்லா? வெட்டுற ரூம்ல ஆறு வாரத்துக்கு வேலை வரிசையில நிக்குது. அவருக்கென்ன, நோகாம ஒரு வரி எழுதிட்டாரு."

"மூணு கோடி வருஷம் கழிச்சு வந்த மலைக்கு ஆறு வாரம் பெருசா?"

"கிண்டலா? உங்க லிஃப்ட் மட்டும் போனா திரும்பி வர்றதில்லையா?"

"வரும். ஆனா உள்ள ஆள் இருப்பான். வந்துச்சான்னு அவன்கிட்ட கேட்டுக்கலாம்."

மறுநாள் காலையிலேயே தெற்கு முகட்டுக் கல் ஒன்றை எடுத்துக்கொண்டு துறைக் கட்டிடத்தின் அடித்தளத்திலுள்ள வெட்டும் அறைக்குப் போனேன். அங்கே கற்களை வெட்டி, கண்ணாடியில் ஒட்டி, முடியைவிட மெல்லிசாகத் தேய்த்து ஸ்லைடாக்கித் தருபவரை எல்லோரும் ஈரக்கை என்பார்கள். ரம்பத்தின்மேல் தண்ணீர் விழுந்துகொண்டே இருப்பதால் அவரிடம் உலர்ந்த கை என்று ஒன்று கிடையாது.

"ஆறு வாரம் மேடம்."

"ரெண்டு நாள்."

"அப்ப நாலு நாள்" என்றார். மூன்றாம் நாளே தந்துவிட்டார். நான் தினமும் போய் ரம்பத்துக்குப் பக்கத்தில் நின்றதுதான் காரணம்.

ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். மைக்காக் கீற்றுகள் நீலமும் ஆரஞ்சுமாக எரிந்தன. நடுவில் கார்னெட் மணி கறுப்பாக, தூங்குகிற பிராணி மாதிரி சுருண்டு கிடந்தது. பதினொரு வருடத்தில் இதைப் பார்த்து நான் சலித்ததே இல்லை. அன்று பார்க்கப் பிடிக்கவில்லை. சுழி மேற்குப் பக்கம் இருந்தது.

இதே கல்லில் முதல் வருடம் வெட்டிய பழைய ஸ்லைடைத் தேடி எடுத்தேன். கிழக்கு. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். ஒரே கல், உள்ளங்கை அகலம். ஒரு சீவல் கிழக்கே போனேன் என்கிறது, பக்கத்துச் சீவல் மேற்கே போனேன் என்கிறது.

திசை தெரிவதற்காக ஸ்லைடின் மூலையில் வெட்டும் குறியை மிச்சக் கல்லோடு ஒட்டிவைத்துப் பார்த்துவிட்டு, இரண்டு ஸ்லைடுகளையும் எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன்.

"திருப்பி ஒட்டியிருக்கீங்க."

ஈரக்கை ரம்பத்தை நிறுத்தினார். "திருப்பி ஒட்டினா எனக்குத் தெரியாதா? கல்லுல நீங்க போட்ட அம்புக்குறி மேல பாத்துதான் இருக்கு."

"அப்ப மூலையில இருக்குற வெட்டுக்குறி ஏன் கிழக்குப் பக்கம் இருக்கு? மேற்குலதானே இருக்கணும்?"

"கிழக்கு மேற்கெல்லாம் எனக்கு எதுக்கு மேடம்? கண்ணாடியோட இடது மேல் மூலை. எல்லாருக்கும் அப்படித்தான்."

"எனக்கு மட்டும் மேற்குப் பக்கம். எப்பவும் அப்படித்தான்."

"யார்கிட்ட சொன்னீங்க?"

சொல்லியிருந்தேன். இவருக்கு முன்னால் இங்கே இருந்த அக்காவிடம், வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில். அவர் நான்கு வருடம் எனக்காக மேற்குப் பக்கம் குறி வெட்டித் தந்துவிட்டு ஓய்வு பெற்றார். ஈரக்கை வந்தார். வடக்கு முகட்டுக் கற்களை அவரிடம் கொடுத்துவிட்டு நான் சொன்னது இரண்டே வார்த்தை: எப்பவும் போல.

"உங்க எப்பவும் எனக்கெப்படித் தெரியும்? என்னோட எப்பவும் இது" என்று அறைக்கதவை இழுத்துச் சாத்தினார். கதவின் உள்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நான்காவது விதி: வெட்டுக்குறி, கண்ணாடியின் இடது மேல் மூலை.

வெட்டிய முகத்தைக் கண்ணாடியில் கவிழ்த்து ஒட்டுவதால், நாங்கள் அதைப் பின்னாலிருந்துதான் பார்க்கிறோம். சன்னலில் எழுதியதைத் தெருவிலிருந்து படிப்பதுபோல. என் கற்களில் அவருடைய இடது மூலை என்பது கிழக்கு. நான் அதை மேற்கு என்று ஏழு வருடம் படித்திருக்கிறேன்.

"ஏழு வருஷத்துல ஒரு தடவ என்கிட்ட கேட்டிருக்கலாமே" என்றேன். எனக்கே அது நியாயமாகப் படவில்லை.

"ஏழு வருஷத்துல ஒரு தடவ கதவைச் சாத்தியிருக்கலாமே. சத்தம் தாங்கலன்னு எல்லாரும் கல்ல வெச்சுட்டு ஓடிடுறீங்க. தொறந்த கதவுல யாரு படிப்பா?"

மாடியேறும்போதே கணக்குப் போட்டுவிட்டேன். அக்கா செய்தவை இருபத்திரண்டு, எல்லாம் தெற்கு. இந்தப் புதியதை விட்டால் ஈரக்கை செய்தவை நாற்பத்தொன்று, எல்லாம் வடக்கு. அந்த நாற்பத்தொன்றையும் திருப்பிப் படித்தால் அவையும் கிழக்கு. மலை ஒரே ஒரு முறைதான் நகர்ந்திருக்கிறது. நடுவில் மாறியது கல் வெட்டும் ஆள்.

பதில் எழுத உட்கார்ந்தேன். பழைய ஸ்லைடின் படத்தையே அனுப்பி, வெட்டிப் பார்த்தேன், மாற்றமில்லை என்று எழுதினால் போதும். ஈரக்கைக்கு இதன் அர்த்தம் தெரியாது. இரண்டாமவர் கல்லைக் கேட்டு வீட்டுக்கு வரப்போவதில்லை. புதன்கிழமை தாண்டிவிடும். அப்புறம் ஓய்வு பெறும்வரை, யாராவது அந்த முகட்டில் ஏறுகிறார் என்று கேள்விப்படும் ஒவ்வொரு முறையும் அவர் என்ன கல் கொண்டு வருவாரோ என்று கணக்குப் போட வேண்டும்.

கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஆசிரியருக்கு எழுதினேன். இதழின் இணையதளம் காரணத்தை ஐம்பது எழுத்துக்குள் கேட்டது. பதினொரு வருடத்தை ஐம்பது எழுத்தில் சொல்லப் பார்த்து எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் 'திசை தவறு' என்று போட்டு அனுப்பினேன்.

நாற்பத்தொரு ஸ்லைடுகளின் லேபிள்களையும் மாற்ற வேண்டியிருந்தது. ஏழாவதைத் திருத்திக்கொண்டிருந்தபோது துறைத் தலைவர் எட்டிப் பார்த்தார்.

"கட்டுரை புதன்கிழமைக்குள்ள வந்துடுமில்ல?"

"வராது சார். வாபஸ் வாங்கிட்டேன்."

"மறுபடியும் அந்த ரெண்டாம் ஆளா?"

"அவரு சரியாத்தான் கேட்டிருக்காரு. மலை திரும்பி வரல சார்."

அவர் உள்ளே வந்து ஒரு லேபிளை எடுத்துப் பார்த்தார். அடித்திருந்த மேற்கும், பக்கத்தில் எழுதியிருந்த கிழக்கும் அவருக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. அவரும் கல் ஆள்தான்.

"எத்தனை?"

"நாப்பத்தொண்ணு. ஈரக்கை கதவுல ஒட்டியிருக்குற விதித் தாளைப் பாக்காம, அவரோட வெட்டுக்குறிய மாத்திப் படிச்சிட்டேன்."

"அப்ப புதன்கிழமை என்ன பேசுவீங்க?"

"இதைத்தான்."

"இதைப் பேசி யாருக்கும் பதவி கிடைச்சதில்லம்மா."

"தெரியும் சார்."

அவர் லேபிளைத் திரும்ப வைத்தார். பிறகு நகராமலே, "ஈரக்கை என்னோட கல்லும் அம்பத்தாறு வெட்டியிருக்கான்" என்றார். "அந்த விதித் தாள் எந்தக் கதவுல இருக்கு?"